சமவெளியை அளக்கும் மகளுக்கு

எழில்,

சென்ற ஞாயிறு நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். வினாவை முழுவதும் வாசிக்காமல் விடை எழுதத் தொடங்கும் பிள்ளைகளிடம், "பேனையைக் கீழே வை, முதலில் கேள்வியை வாசி" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். என் முறை வந்ததும் நானும் அதையேதான் செய்தேன். சஸ்கச்சுவானில் உன்னுடைய நில அளவைக் கம்பனி, வெளிவேலைக் குழுவுக்கு உன்னைத் தலைவியாக்கி அங்கேயே நிரந்தரமாக வைத்திருக்க விரும்புகிறது. இங்கே மொன்றியலில், புவாண்ட்-கிளேரில், நான் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லிவைத்த இடம் உனக்காகக் காத்திருக்கிறது. கணினியின் முன் இருந்து படம் வரைகிற வேலை அது. இரண்டு பேருக்கும் மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். "அம்மா, நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னால் நான் மொன்றியலுக்கு வாறன். நீங்கள் சொல்லுங்கோ" என்றாய். நான், "வா" என்றேன். அங்கே குளிர் கூட என்றேன், தனியாக இருக்கிறாய் என்றேன், வயது போகிறது என்றேன், கடைசியில், "என்ன கிடக்கு அங்க? வெறுந் தட்டை நிலம்" என்றும் சொன்னேன். பிறகு, "சரி அம்மா" என்றாய்.

அந்தச் "சரி அம்மா" ஒரு கிழமையாக என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. நான் சொன்ன காரணங்களில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மைக் காரணம் அவற்றுக்குள் இல்லை. அதைப் போனில் சொல்ல என்னால் முடியாது. போனைக் கையில் எடுத்தவுடன் நான் டீச்சராகிவிடுவேன், நீ மாணவியாகிவிடுவாய். எழுதும்போது நானும் என்னைத் திருப்பி வாசித்துப் பார்க்கலாம். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் எழுதுகிறேன். அவை நடந்தபோது நீ பக்கத்தில்தான் நின்றாய், என்றாலும் எனக்குள் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது.

மலையே இல்லாத ஊரில் நான் மலையைப் படிப்பித்தேன். யாழ்ப்பாணத்தில் புவியியல் பாடத்துக்கு ஒரு பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டுபோய், "இதுதான் சாய்வு, இதுதான் பள்ளத்தாக்கு" என்று காட்ட ஒரு மேடு கிடையாது. இடவிளக்கப்படத்தை மேசையில் விரித்து, அதிலுள்ள மண்ணிறக் கோடுகளை விரலால் தொடவைத்துத்தான் விளக்க வேண்டும். ஒரு கோட்டின் மேல் நடந்துகொண்டே போனால் ஏறவும் மாட்டாய், இறங்கவும் மாட்டாய், அதுதான் சமவுயரக்கோடு என்பேன். உனக்கும் அதைச் சொல்லித்தந்தேன், நினைவிருக்கிறதா? பார்க் எக்ஸ்டென்ஷனில் இதே வீட்டில், இதே சமையலறையில், ரொட்டிக்குக் குழைத்த மாவைத் தாச்சிக்குள் மலைபோல் குவித்து, மஞ்சள் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு மஞ்சள் வளையம் விழுந்தது. கதிரையில் ஏறி நின்று மேலிருந்து பார்த்த நீ, "அம்மா, மலை படமா வந்திட்டுது!" என்று கத்தினாய். அன்று சுட்ட ரொட்டியெல்லாம் மஞ்சள். உன் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இது எந்த மலையின்ர உச்சி, கொஞ்சம் கைக்குது" என்றார். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்போடு ஒரு கணக்கும் வருகிறது: உனக்கு இதைத் தந்தது நான். இந்தக் கணக்கை நீ நினைவில் வைத்துக்கொள், பின்னால் அதுதான் என்னைக் குழப்பியது.

சென்ற செப்டெம்பரில் நாங்கள் உன்னிடம் வந்தோம். ரெஜைனாவில் விமானம் இறங்கும்போதே உன் அப்பா யன்னலால் பார்த்து, "இவள் இஞ்ச எதை அளக்கிறாள்? ஆரோ ஏற்கனவே மட்டம் பிடிச்சு விட்டிருக்கினம்" என்றார். நானும் சிரித்தேன். அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நிற்கும் வயல்கள், நேர்கோட்டுத் தெருக்கள், அங்கங்கே ஒரு தானியக் களஞ்சியம். நீ எங்களை ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டியபடி விளக்கினாய். விமானத்திலிருந்து லேசர் ஒளியை அடித்து நிலத்தின் உயரத்தை எடுக்கிறார்கள், அது சரிதானா என்று நிலத்தில் நடந்து சரிபார்ப்பது உன் குழுவின் வேலை, இந்தப் படத்தை வைத்துத்தான் பனி உருகும் காலத்தில் யாருடைய வயலில் தண்ணீர் நிற்கும், எங்கே வாய்க்கால் வெட்டலாம் என்று முடிவு செய்வார்கள் என்றாய். "அம்மா, இஞ்ச அரை மீற்றர் எண்டால் அது ஒரு மலை மாதிரி. அதுக்கு அங்கால விழுகிற தண்ணி வேற ஆற்றுக்குப் போயிடும்" என்றாய். நான் தலையாட்டிக்கொண்டு வெளியே பார்த்தேன். அரை மீற்றர் எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தது. அது என் முதலாவது எரிச்சல், அதை நான் பிரயாணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது எரிச்சலுக்கு ஒரு முகம் கிடைத்தது. நீ மாடியில் வாடகைக்கு இருக்கும் பண்ணைவீட்டின் சொந்தக்காரி, கணவனை இழந்த ஐலீன். நல்ல மனுசி, அதை முதலே எழுதிவிடுகிறேன். வாசலில் நின்று, "எழில்!" என்று உன்னைக் கூப்பிட்டாள். நம்முடைய ஆட்களே பாதிப் பேர் "எளில்" என்று சொல்லும் பெயரை, அந்த ழகரம் பிசகாமல் கூப்பிட்டாள். நீ பழக்கியிருக்கிறாய். பெயரைச் சிதைப்பாள், திருத்தலாம் என்று ஆயத்தமாக வந்த எனக்கு அது கூடக் கிடைக்கவில்லை. உன் தேத்தண்ணீருக்கு எவ்வளவு சீனி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நீ சீனியைக் குறைத்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியாது. நான் வழமைபோல் போட்டுக் கொடுத்ததை நீ அப்படியே குடித்தாய். அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் நீ உன் படத்தின் முதற் பிரதியை விரித்தாய். கண்ணாடியை நான் மேலே அறையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். என்றாலும் இடவிளக்கப்படம் என்றால் எனக்குக் கண்ணாடி எதற்கு என்ற மிதப்பு. தாள் முழுவதும் சிறு சிறு வளையங்கள். மூடிய வளையம் என்றால் குன்று என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன். "ஐயோ பிள்ளை, இவ்வளவு குன்றோ? வெளியில பார்த்தால் ஒண்டும் தெரியேல்லையே!" என்றேன், ஐலீனுக்கும் விளங்கட்டும் என்று அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன். ஐலீன் வாய்விட்டுச் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. என் விரலை மெல்லப் பிடித்து ஒரு வளையத்தின் மேல் வைத்து, "அம்மா, உள்பக்கம் பாருங்கோ. சின்னச் சின்னக் கீறு இருக்கு. அப்பிடிக் கீறு இருந்தால் அது பள்ளம். இதெல்லாம் குட்டை. பனி உருகித் தண்ணி நிக்கிற இடங்கள்" என்றாய். உன் அப்பா உடனே, "டீச்சர் பள்ளத்தை எல்லாம் மலையாக்கிப் போட்டா. இனி தண்ணி மேல ஏறட்டும்" என்றார்.

எழில், அவருடைய பகிடி என்னைத் தொடவில்லை. ஐலீனுடைய சிரிப்பும் கொஞ்ச நேரத்தில் ஆறிவிட்டது. ஆறாதது உன் பொறுமை. என் விரலைப் பிடித்து நீ சொன்ன அந்தக் குரல் என்னுடையது. கடைசி வாங்கில் இருந்து தவறான விடை சொல்லும் பிள்ளை வெட்கப்படக்கூடாது என்று நான் வருடக்கணக்காகப் பழகி எடுத்த குரல். அதை நீ என்னிடமே பாவித்தாய். அன்று படுக்கப் போகும்போது உன் அப்பாவிடம், "இந்தப் பொம்பிளை பிள்ளையைத் தன்ர பிள்ளை மாதிரி ஆக்கிப் போட்டா" என்று ஐலீனைப் பற்றித்தான் குறை சொன்னேன். எரிச்சலை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாதபோது பக்கத்தில் நிற்கும் ஆளின் தலையில் இறக்குவோம். இது எல்லோரும் செய்வது. நீ உன் குழுவை நடத்தும்போது இதை ஞாபகம் வை: ஒருவர் உன்மேல் சீறினால், அந்தச் சீற்றம் எங்கிருந்து புறப்பட்டது என்று ஒருதரம் பார்.

அடுத்த நாள் உன்னோடு வயலுக்கு வந்தேன். நான் கேட்டுத்தான் வந்தேன். நீ உயரமான ஒரு கம்பை எடுத்தாய், உச்சியில் வெள்ளைத் தொப்பி போல ஒரு கருவி, இடுப்பளவில் ஒரு சின்னக் கண்ணாடிக்குள் காற்றுக்குமிழி. குமிழி நடுவட்டத்தில் நிற்கும்வரை கம்பை ஆடாமல் பிடித்தால், வானத்திலுள்ள செய்மதிகளிடம் கேட்டு அந்த இடத்தின் உயரம் வந்துவிடுகிறது. அரிதாள் நின்ற வயலில் நீ நடப்பதும் நிற்பதும் குமிழியைப் பார்ப்பதுமாக இருந்தாய், என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. வறண்ட ஒரு குட்டையின் ஓரம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது. அதன் விளிம்பைச் சுற்றி நீ நடந்தாய், நடந்த வழியே ஒரு சமவுயரக்கோடு. நான் தாளில் விரலால் நடக்கவைத்த கோட்டில் நீ சப்பாத்தோடு நடந்தாய். "கொஞ்சம் தாவன், நான் பிடிக்கிறன்" என்றேன். தந்தாய். குமிழி என்னிடம் நிற்கவில்லை, வாத்துக்குஞ்சு மாதிரி ஓடித்திரிந்தது. "ஆடாதேங்கோ அம்மா... இல்லை, மற்றப் பக்கம்... ஓம், ஓம், இப்ப..." ஒரு புள்ளி, இரண்டு புள்ளி எடுத்தோம். எனக்குக் கை பழகி வந்தது. அப்போது நீ, "காணும் அம்மா. காத்தும் வெயிலுமாக் கிடக்கு, போய் வண்டிக்குள்ள இருங்கோ" என்று என் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டாய். அக்கறையால் சொன்னாய். நான் போய் வண்டிக்குள் இருந்து, கண்ணாடியை ஏற்றி மூடினேன். பகல் முழுவதும் நீ கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னேன். அம்மாவுக்குத் தலையிடி என்று நினைத்துக்கொண்டாய்.

அதற்கு ஒரு கதை இருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை. நான் படிப்பிக்கத் தொடங்குவதற்கு முன், எங்கள் தெருவை அளக்க நில அளவையாளர் ஒருவர் முக்காலியில் தூரக்கண்ணாடி பூட்டிய கருவியோடு வந்தார். நான் வேலிக்குள் நின்று பார்ப்பதைக் கண்டு, "வந்து பாருங்கோ தங்கச்சி" என்றார். குனிந்து பார்த்தேன். பனைகள், கோயில் கோபுரம், சைக்கிளில் போன மனிதர், எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. அந்தக் காலத்துக் கருவிகள் அப்படித்தான், அளப்பவர்கள் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்தே பழகுவார்கள். எனக்கு அங்கிருந்து போக மனமில்லை. வீட்டுக்கு வந்து, நானும் அந்தப் படிப்புக்குப் போகிறேன் என்றேன். என்னைப் பெற்ற ஐயா கோபிக்கவில்லை. "வெயிலுக்கை நிண்டு கறுத்துப் போவாய் பிள்ளை, டீச்சர் வேலை நிழல் வேலை" என்றார். அவரும் அக்கறையால்தான் சொன்னார். நிழலில் நல்ல வேலைதான் செய்தேன், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நீ என்னை வண்டிக்குள் போய் இருக்கச் சொன்னபோது, அந்த வயது எனக்கு அப்படியே திரும்பி வந்தது.

புறப்படும் நாள் காலையில் நடந்ததை நீ உன் சிநேகிதிகளுக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய். உன்மேல் யாருடையவோ கண் பட்டிருக்கிறது என்று எனக்கு ஒரு பிடிவாதம். யாருடையவோ என்ன, ஐலீனுடையதுதான். அவளுடைய சமையலறையில் உன்னைக் கதிரையில் இருத்தி, கொண்டுவந்த செத்தல் மிளகாயையும் உப்பையும் உன் தலையைச் சுற்றி நாவூறு கழித்து, மின்னடுப்பின் சுருளில் போட்டேன். வீடு முழுவதும் புகை. கூரையிலிருந்த புகைமணி அலறியது. ஐலீன் மாட்டுக் கொட்டிலிலிருந்து ஓடிவந்தாள், நீ கதவைத் திறந்தாய், உன் அப்பா துவாயை விசிறிக்கொண்டு, "ஒருத்தற்ர கண்ணும் தப்பாது, எல்லாற்ர கண்ணும் எரியுது!" என்றார். நாலு பேரும் முற்றத்தில் நின்று இருமினோம். இருமலுக்குள்ளும் ஐலீன் அது என்னவென்று கேட்டாள், நீ விளக்கினாய். மிளகாய் காறினால் கண்ணூறு இல்லை, காறாவிட்டால்தான் இருக்கிறது என்றாய். "அப்படியானால் அவளுக்கு ஒன்றும் இல்லை!" என்று ஐலீன் கையைத் தட்டினாள். என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு பிறத்தியாள் சந்தோசப்படுகிறாள், எனக்கோ ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை அப்போதே நான் பிடித்து வைத்து விசாரித்திருக்க வேண்டும்.

பிறகு சென்ற ஞாயிறு. நீ அந்தப் புதுப் பதவியைப் பற்றிச் சொல்லும்போது, "ஐலீன் இதைக் கேட்டு நேற்றே அப்பிள் பை சுட்டுத் தந்தவ" என்றாய். அதாவது எனக்கு முதல் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் நான் குளிர், தனிமை, வயது, தட்டை நிலம் எல்லாம் சொன்னேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தேன். உன் அப்பா தன் பாட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"வரச் சொல்லிப் போட்டன். அந்த மனுசியின்ர கண்ணுக்குள்ள இருந்து பிள்ளை எடுபட்டால் காணும்."

"அண்டைக்கு மிளகாய் நல்லாக் காறினதெல்லே?"

"காறினது. அதுக்கென்ன?"

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இஞ்சேரும், சுத்திப் போடுற ஆளின்ர கண்ணை மிளகாய் காட்டித் தராது" என்றார்.

நான் சண்டைக்குப் போனேன். பெற்ற தாய்க்குப் பிள்ளையில் பொறாமையோ, வாய் கூசவில்லையோ என்றேன். "நான் பொறாமை எண்டு சொல்லேல்லையே. நீர்தான் சொல்லுறீர்" என்றுவிட்டு மற்ற வெங்காயத்தை எடுத்தார். நான் வெளிப்படிக்கட்டில் போய் நின்றேன். தெருவில் இரண்டு பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டு மெட்ரோப் பக்கம் போனார்கள். குளிரில் அதிக நேரம் நிற்க முடியாது. ஆனால் நின்ற நேரத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஐலீனிடம் எனக்கிருந்தது சின்னப் பொறாமை, யாரும் மன்னிக்கும் பொறாமை. அதற்குப் பின்னால் நான் ஒளித்து வைத்தது உன்மேலுள்ள பொறாமை. நீ என் மகள் என்பதால் அது குறையவில்லை, கூடியது. முன்பின் தெரியாத ஒருத்தி அந்த வயலில் நடந்திருந்தால், பத்திரிகையில் படம் பார்த்து, "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். உனக்கு மாவிலும் மஞ்சளிலும் அதைக் காட்டித் தந்தது நான் என்ற கணக்குத்தான் என்னைக் கெடுத்தது. நான் கொடுத்ததில் எனக்கும் ஒரு பங்கு வரவேண்டும் என்று மனம் கேட்டது. வராதபோது, உன்னையும் நிழலுக்குள் கூப்பிட்டது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், சொல்லாவிட்டால் என் கை ஓயாது. தென்மேற்குக் காற்று இலங்கை மலைகளில் மோதி ஒரு பக்கத்தில் மழையாகக் கொட்டும். அதே காற்று மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது தோலைக் காயவைக்கும். வேறு காற்றில்லை. உன்னைப் பற்றிப் பக்கத்து வீட்டாரிடம் கதைக்கும்போது எனக்குப் பெருமை கொட்டுகிறது. உன்னோடு தனியே கதைக்கும்போது அதே பெருமை காய்ந்து எரிச்சலாகிவிடுகிறது. ஆகவே என் புத்திமதியை நீ வாங்கும்போது, நான் இப்போது மலையின் எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்று பார்த்து வாங்கு. எல்லாப் பெற்றோருக்கும் இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, பெற்றவர்களைச் சந்தேகிக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். அன்பைச் சந்தேகிக்க வேண்டாம். புத்திமதியைச் சந்தேகிக்கலாம்.

இன்று காலை புவாண்ட்-கிளேர்க்காரரைக் கூப்பிட்டு, நான் உனக்காகச் சொல்லிவைத்த சொல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். "மகள் வரமாட்டாவோ?" என்று கேட்டார். "எனக்குத் தெரியாது, வர விருப்பமெண்டால் அவவே உங்களோட கதைப்பா" என்றேன். உனக்கு இங்கே வர உண்மையில் மனம் இருந்தால் வா, உன் அறை அப்படியேதான் இருக்கிறது. என்னுடைய "வா" என்ற சொல்லுக்காக வராதே, அதை நான் அழித்துவிட்டேன். நான் கேட்காமல் விட்ட கேள்வியையும் இப்போது கேட்கிறேன். அந்த வேலை உனக்கு விருப்பமா? விருப்பம் என்று எனக்குத் தெரியும். குமிழி நடுவில் வந்து நிற்கும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று வண்டிக்குள் இருந்து நாள் முழுவதும் பார்த்தவள் நான். அந்த முகத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன், அந்த வேலையை எடு.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். அது என்னோடு கிடக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் கம்பனிக்குச் சொல். ஐலீன் கீழேதான் இருப்பாள், அடுத்ததாக அவளுக்குச் சொல். அப்பாவும் நானும் பிறகு கேட்டுக்கொள்கிறோம். மூன்றாவது ஆளாய்க் கேட்க எனக்குப் பழக்கமில்லை, எரிச்சல் வரும், ஒருவேளை சுருக்கென்று ஏதாவது சொல்லியும் விடுவேன். சொன்னால், போனை வைத்துவிடாதே பிள்ளை. "அம்மா, எந்தப் பக்கத்தில நிக்கிறீங்கள்?" என்று கேள். ஏறி வர எனக்குக் கொஞ்ச நேரம் தா.

அம்மா